பிரெக்ஸிட்: மக்கள் ஏமாந்தார்களா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் நண்பர்களுடன் பேசிக்கொண்டிருந்தபோது, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது பற்றிப் பேச்சு வந்து பெரிய வாக்குவாதமாகிவிட்டது. என் தரப்பு இதுதான். சுங்கவரி, வணிக ஒப்பந்தம், சட்டச் சிக்கல்கள் என்று படித்தவர்களுக்கே தலைசுற்றும் விஷயத்தை 'இருக்கலாமா, வெளியேறலாமா' என்று தெருவில் போகிறவரிடம் கேட்டது முட்டாள்தனம். ஒரு சிவப்புப் பேருந்தின் பக்கவாட்டில் எழுதியிருந்த பொய்யை நம்பி மக்கள் ஏமாந்தார்கள். ஐரோப்பியப் பணத்தில் சாலையும் கல்லூரியும் கிடைத்த ஊர்களே வெளியேறச் சொல்லி வாக்களித்தன. இப்படிப்பட்டவற்றை நிபுணர்களிடம் விட்டுவிடுவதுதானே சரி?

இன்னொன்று. என் அக்கா மகன் லெஸ்டரில் இருக்கிறான். அங்கே இந்திய வம்சாவளியினர் பலர் வெளியேறுவதற்கு வாக்களித்ததாகச் சொன்னான். குடியேறியவர்களே குடியேற்றத்துக்கு எதிராக ஏன் வாக்களித்தார்கள்? பிரிட்டன் மறுபடியும் சேர வாய்ப்பு உண்டா?

அன்புடன்
கி., சேலம்

அன்புள்ள கி.,

அந்தப் பேருந்திலிருந்தே தொடங்குகிறேன். 'வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம், அதை நம் மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம்' என்பது அதிலிருந்த வாசகத்தின் சாரம். அந்த எண் சரியானதல்ல. 1984ல் மார்கரெட் தாட்சர் பேசி வாங்கிய தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் பணம் போனது. போனதிலும் ஒரு பகுதி விவசாயத்துக்கும் பின்தங்கிய வட்டாரங்களுக்கும் திரும்பி வந்தது. புள்ளிவிவர ஆணையமே வாக்கெடுப்புக்கு முன்பாக இதைச் சொல்லிவிட்டது. அப்படியும் பேருந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருந்தது. அதை அனுப்பியவர்கள் செய்தது பெரும் தவறு. இதில் உங்களோடு எனக்கு வேறுபாடே இல்லை.

ஆனால் 2016 ஜூன் 23 அன்று வெளியேறச் சொன்னவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர். இருக்கச் சொன்னவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர். நூற்றுக்கு 72 பேர் வாக்களித்தார்கள். முந்தைய ஆண்டின் பொதுத்தேர்தலில்கூட அத்தனை பேர் வரவில்லை. வாக்குச்சாவடிப் பக்கமே போவதை நிறுத்தியிருந்தவர்களில் பலர் அன்று போனார்கள். அவர்களையெல்லாம் ஒரு பேருந்து கூட்டிக்கொண்டு வந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

நீங்கள் குறிப்பிடும் ஊர்களில் ஒன்றைப் பார்ப்போம். வேல்ஸில் எபு வேல். பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவையை உருவாக்கிய அனைரின் பெவனின் தொகுதி. அந்த ஊருக்கே சோறு போட்ட உருக்காலை 2002ல் மூடப்பட்டது. அதற்கப்புறம் ஐரோப்பியப் பணம் வந்தது, கட்டடங்கள் எழுந்தன, சாலை சீரானது. எல்லாம் உண்மை. ஆனால் போன வேலைக்கு ஈடான வேலை வரவில்லை. அந்த ஊர் இருக்கும் பிளைனௌ குவென்ட் மாவட்டத்தில் 62 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். அங்குள்ள ஒருவரிடம் 'உனக்குக் கல்லூரி கட்டிக் கொடுத்தார்களே' என்று கேட்டால், தன் மகன் படித்துவிட்டு எங்கே வேலைக்குப் போவது என்று அவர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்கு, ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸைவிட லண்டன்தான் அதிகம் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அன்றைக்கு வாக்குச்சீட்டில் இருந்தது பிரஸ்ஸல்ஸ்.

நிபுணர்களிடம் விட்டுவிடலாம் என்கிறீர்கள். 2004ல் போலந்து முதலான கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர்தான் கூடுதலாக வருவார்கள் என்று அரசுக்காக ஒரு கணிப்பு செய்து தரப்பட்டது. மற்ற பெரிய நாடுகளும் அவர்களை அனுமதிக்கும் என்ற ஊகத்தில் போட்ட கணக்கு அது. ஜெர்மனி 2011 வரை அனுமதிக்கவில்லை. உடனே அனுமதித்தவை பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மட்டுமே. வந்தவர்கள் பல லட்சம் பேர். லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்ற சிறிய ஊர், சுற்றிலும் காய்கறிப் பண்ணைகள். சில ஆண்டுகளுக்குள் அதன் கடைத்தெருவே மாறிவிட்டது. வந்தவர்கள் கடுமையாக உழைத்தவர்கள், அவர்கள்மேல் குற்றமில்லை. ஆனால் பள்ளியில் இடம், வாடகைக்கு வீடு, மருத்துவரைப் பார்க்கும் நேரம் எல்லாம் பழைய அளவிலேயே இருந்தன. நாட்டிலேயே அதிகமாக, 75.6 சதவீதம் பேர் அங்கேதான் வெளியேற வாக்களித்தார்கள். நிபுணர்களைக் கேட்டு மக்கள் அலுத்துவிட்டார்கள் என்று வெளியேறும் தரப்பின் அமைச்சர் மைக்கேல் கோவ் பேசியது எனக்குச் சற்றும் பிடிக்காத பேச்சு. ஆனால் பாஸ்டனில் அது ஏன் எடுபட்டது என்பது எனக்குப் புரிகிறது.

இருக்கச் சொன்ன தரப்பு இவர்களிடம் என்ன பேசியது? 2030க்குள் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்டு நஷ்டம் என்றார் நிதியமைச்சர். வெளியேறினால் வரி கூடும், செலவைக் குறைப்போம் என்று அவசர பட்ஜெட்டைக் காட்டி மிரட்டினார். எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பினிடம் ஒன்றியத்தின்மீது எவ்வளவு ஆர்வம் என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, பத்துக்கு ஏழு, ஏழரை என்றார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்து வாழ்ந்த ஓர் அமைப்பைப் பற்றி, அது எதற்காக நமக்கு வேண்டும் என்று மனம்விட்டுப் பேச அந்தத் தரப்பில் அனேகமாக யாருமே இல்லை. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

மக்களிடம் கேட்டது தவறு என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். 1973ல் பிரிட்டன் சேர்ந்தபோது மக்களைக் கேட்கவில்லை. 1975ல் கேட்டார்கள், 67 சதவீதம் பேர் இருப்போம் என்றார்கள். அதன்பிறகு மாஸ்ட்ரிக்ட், லிஸ்பன் என்று ஒப்பந்தம் மேல் ஒப்பந்தமாக அந்த அமைப்பே உருமாறிக்கொண்டு போனது. ஒருமுறைகூட மக்களிடம் போகவில்லை. கேட்காமல் விட்ட அந்த நாற்பது ஆண்டுகளும் 2016ல் சேர்ந்து வெடித்தன. ஆகவே, கேட்டது தவறல்ல என்பேன். பாதிக் கேள்வியை மட்டும் கேட்டதுதான் தவறு.

1975ல் 'இருப்போம்' என்றவருக்கு எதில் இருக்கப்போகிறோம் என்று தெரியும். 2016ல் 'வெளியேறுவோம்' என்றவருக்கு எங்கே போகப்போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. நார்வேபோல, சரக்கும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தைக்குள் இருந்துகொண்டா, துருக்கிபோல, வெளிச்சரக்குக்கு ஒரே வரி போடும் சுங்க ஒன்றியம் மட்டுமா, கனடாபோல வெறும் வணிக ஒப்பந்தமா, அதுவும் இல்லாமலா? வெளியேறும் பிரசாரத்தை நடத்திய டொமினிக் கம்மிங்ஸ், எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வெளியேற்றத் திட்டம் ஒன்றை வகுப்பது அனேகமாக நடக்காத காரியம் என்று முந்தைய ஆண்டே எழுதியிருந்தார். அதனால் திட்டம் வைக்கவில்லை. பிரதமர் டேவிட் கேமரனோ, வெளியேற நேர்ந்தால் என்ன செய்வது என்று அதிகாரிகள் திட்டமிடக்கூட விடவில்லை. நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு பிறகு அதைப் படுமோசமான அலட்சியம் என்றே கண்டித்தது. ஸ்காட்லாந்து தனிநாடாவது பற்றி 2014ல் வாக்கெடுப்பு நடந்ததே, அதற்கு முந்தைய ஆண்டிலேயே அங்குள்ள அரசு அறுநூறு பக்கத்துக்கு மேல் ஒரு திட்ட அறிக்கை வெளியிட்டிருந்தது. அதில் சொன்னது சரியா தவறா என்று சண்டை போடவாவது காகிதத்தில் ஏதோ இருந்தது.

விளைவை எல்லோரும் பார்த்தோம். கேமரனுக்குப் பிறகு பிரதமரான தெரசா மே கொண்டுவந்த வெளியேற்ற ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 202க்கு 432 என்று தோற்றது. சரி, உங்களுக்கு எதுதான் வேண்டும் என்று மார்ச் 27 அன்று எட்டு யோசனைகளை நாடாளுமன்றத்தில் வாக்குக்கு விட்டார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கு, நான்கும் தோற்றன. அதில் சுங்க ஒன்றியத்தில் நீடிக்கும் யோசனை வெறும் மூன்று வாக்குகளில் போனது. வெளியேறுவது என்று முடிவாகி மூன்று ஆண்டுகள் ஆகப்போகிறது, எங்கே என்று நாட்டின் பிரதிநிதிகளுக்கே தெரியவில்லை.

இதில் மிகவும் வஞ்சிக்கப்பட்ட இடம் வட அயர்லாந்து. அயர்லாந்து தீவில், பிரிட்டனைச் சேர்ந்த வடக்குக்கும் தனிநாடான தெற்குக்கும் நடுவே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை. இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. ஒரு காலத்தில் ராணுவக் காவல்கோபுரமும் சுங்கச்சாவடியும் இருந்த இடங்கள். 1993ல் ஒற்றைச் சந்தை வந்ததும் சுங்கச் சோதனை போனது. 1998ல் பெரிய வெள்ளி ஒப்பந்தம் என்ற அமைதி உடன்பாடு வந்ததும் முப்பது ஆண்டு மோதலின் சாவுகளுக்கு ஒரு முடிவு பிறந்தது, காவல்கோபுரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இன்று வடக்கில் கறக்கும் பாலில் கணிசமான பங்கு லாரியில் தெற்கே போய்த்தான் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் ஆகிறது. இரு நாடுகளும் ஒரே ஒன்றியத்தில் இருந்ததால் நடந்த விஷயம் அது. ஒன்று வெளியேறினால் எங்கேயாவது ஓரிடத்தில் சோதனை வைத்தே ஆக வேண்டும். இதைச் சொல்லத்தான் முன்னாள் பிரதமர்கள் ஜான் மேஜரும் டோனி பிளேரும் 2016 ஜூன் 9 அன்று வட அயர்லாந்தின் டெர்ரி நகருக்குச் சேர்ந்தே போனார்கள். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள், அந்த அமைதிக்காக உழைத்தவர்கள். பயமுறுத்துகிறார்கள் என்று சொல்லி வெளியேறும் தரப்பினர் அவர்களை ஒதுக்கிவிட்டார்கள். இங்கிலாந்துப் பத்திரிகைகள் அதற்கடுத்த வாரம் தேம்ஸ் நதியில் இரு தரப்புப் பிரசாரப் படகுகள் மோதிக்கொண்டதைத்தான் ரசித்து எழுதின.

வட அயர்லாந்தில் 56 சதவீதம் பேர் இருக்கவே வாக்களித்தார்கள். கடைசியில் சோதனை கடலில் வந்தது. பிரிட்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் போகும் சரக்குக்கு, ஒரே நாட்டுக்குள்ளேயே, ஆவணம் காட்ட வேண்டியதாயிற்று. அப்படி ஒரு கடல் எல்லையை எந்தக் கன்சர்வேட்டிவ் கட்சி அரசும் ஏற்க முடியாது என்று 2018ல் பெல்ஃபாஸ்டிலேயே பேசிய போரிஸ் ஜான்சன்தான் அடுத்த ஆண்டு பிரதமராகி அதை ஏற்றுக்கொண்டார். அதை எதிர்த்து, பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க விரும்பும் யூனியனிஸ்ட் கட்சி கூட்டாட்சியிலிருந்து விலகியதால் அந்த மாகாணத்தின் ஆட்சியே 2022 முதல் 2024 வரை முடங்கியது.

அதே தீவின் தெற்கில், கருக்கலைப்புச் சட்டம் பற்றி 2018ல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். முதலில் குலுக்கலில் தேர்ந்த சாதாரணக் குடிமக்களை மாதக்கணக்கில் உட்காரவைத்து விவாதிக்கச் செய்தார்கள். 'ஆம்' வென்றால் என்ன சட்டம் வரும் என்பதன் வரைவை வாக்குக்கு முன்பே வெளியிட்டார்கள். அதைவிடப் பெரிய மனப்பிளவு உண்டாக்கக்கூடிய விஷயம் அந்த நாட்டில் வேறில்லை. ஆனாலும் முடிவை இரு தரப்பும் ஏற்றார்கள். வாக்களித்தவர்கள் அங்கேயும் உங்கள் 'தெருவில் போகிறவர்'தான்.

இந்திய வம்சாவளியினர் விஷயம். ஆஷ்கிராஃப்ட் கருத்துக்கணிப்பின்படி ஆசிய வம்சாவளி வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளியேற வாக்களித்தார். லெஸ்டர் மயிரிழையில் இருக்கச் சொன்னது. தெற்காசியர்கள் நிறைந்த ஸ்லவ்வும் லூட்டனும் வெளியேறச் சொன்னவை. உங்கள் அக்கா மகனுக்கு இந்தியக் கடவுச்சீட்டே இருந்தாலும், அன்று அங்கே குடியிருந்தால் வாக்கு இருந்திருக்கும். காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இந்தியருக்கும் இலங்கையருக்கும் அந்த உரிமை. பத்தாண்டு அங்கே வரி கட்டிய போலந்துக்காரருக்குக் கிடையாது.

இந்திய வம்சாவளியினருக்கு ஒரு நியாயமான குறை இருந்தது. 2012 முதல், இந்தியாவிலிருந்து கணவனையோ மனைவியையோ அழைத்துவர ஆண்டுக்கு 18,600 பவுண்டு சம்பாதித்துக் காட்ட வேண்டியிருந்தது. போலந்திலிருந்து வந்தவருக்கு அப்போது அப்படி ஒரு வரம்பே இருக்கவில்லை. வெளியேறினால் நமக்கும் அவர்களுக்கும் ஒரே விதி என்று பிரசாரகர்கள் சொன்னார்கள். அமைச்சர் ப்ரீத்தி படேல், வெளியேறினால் தெற்காசியாவிலிருந்து சமையல்காரர்களை வரவழைக்கலாம் என்று உணவகக்காரர்களிடம் பேசினார். பெரும்பாலும் வங்கதேசத்தவர் நடத்தும் உணவகங்கள் அவை.

அதாவது ஸ்லவ்வில் ஒருவர் தன் உறவினர் வரட்டும் என்று வெளியேற வாக்களித்தார். பாஸ்டனில் ஒருவர் இனி யாரும் வரக்கூடாது என்று வெளியேற வாக்களித்தார். இரண்டும் ஒரே கட்டத்தில் போட்ட சிலுவைக்குறி. 2023 ஜூனில் முடிந்த ஓராண்டில் நிகரக் குடியேற்றம் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து, அதிலும் இந்தியர்கள் முதலிடத்தில். பாஸ்டன்காரர் கொதித்துப்போனார். அந்தக் கோபத்தைத் தணிக்க 2024 மார்ச்சில், முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வருபவர்கள் குடும்பத்தை அழைத்துவரத் தடை வந்தது. ஏப்ரலில், துணையை அழைத்துவர 18,600 என்றிருந்த வரம்பு 29,000 பவுண்டு ஆயிற்று. ஸ்லவ்காரருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. இவர்கள் இருவரையும் ஏமாந்தவர்கள் என்று சொல்வதைவிட, இருவரும் வேறுவேறு விஷயங்களுக்கு வாக்களித்தார்கள், அதை வேண்டுமென்றே ஒன்றாக எண்ணினார்கள் என்பதே சரி.

மறுபடி சேர்வது எளிதல்ல. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும். தாட்சர் வாங்கிய தள்ளுபடி திரும்பக் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. பவுண்டை வைத்துக்கொள்ளும் விலக்கையும் புதிதாகப் பேசித்தான் பெற வேண்டும். பிரதமர் கியர் ஸ்டார்மர் 2025 மே மாதம் ஒன்றியத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில், உணவுப்பொருள் சோதனைகளைக் குறைக்க வழி செய்தார்கள். கூடவே ஐரோப்பியப் படகுகள் 2038 வரை பிரிட்டிஷ் கடலில் மீன்பிடிக்கலாம் என்றும் முடிவானது. இப்படித் துண்டுதுண்டாக நெருங்குவார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. முழுதாகச் சேர ஒரு வாக்கெடுப்பு வந்தால், நாணயம் எது, ஆண்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும், கடல் யாருக்கு என்பதையெல்லாம் பிரஸ்ஸல்ஸுடன் பேசி எழுதி வாங்கிய பிறகே மக்களிடம் போக வேண்டும் என்பேன். வெளியேறியதற்காக என்னைப் போலவே வருந்தும் சில நண்பர்கள் இதை ஏற்பதில்லை. மக்கள் மனம் மாறியிருக்கும்போதே கேட்டுவிட வேண்டும், நிபந்தனைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். 2016ல் எதிர்த்தரப்பு செய்ததும் அதுதான் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்