சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? நேரடி விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் பதினெட்டரை முதல் பத்தொன்பது மணி நேரம். தங்கையின் பிரசவத்துக்காக நான் இந்தப் பாதையில் போய்வந்தேன். கிலோமீட்டரைவிட நாள் கணக்கில் கவனமாக இருங்கள் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தூரம். சிங்கப்பூர் 104 பாகை கிழக்கில் இருக்கிறது, நியூயார்க் 74 பாகை மேற்கில். கூட்டினால் 178. உலக உருண்டையில் ஏறத்தாழ நேர் எதிர்ப் பக்கங்கள். உருண்டை மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வட துருவத்தை ஒட்டிக்கொண்டு போகும். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை, ஆக 138. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள், விடை வந்துவிடும்.

ஆனால் விமானம் அந்த நூல் வழியே போவதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகமான காற்றோட்டத்தைத் தேடிப் போகிறது. நான் போகும்போது ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைக் கடந்தோம். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வந்தோம். இரண்டு பயணமும் கிழக்கு நோக்கித்தான்! போய்வந்ததில் பூமியையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன் என்பதைத் திரையில் வரைபடம் பார்த்தபோது உணர்ந்து சிலிர்த்துப்போனேன்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நியூயார்க்கை அடுத்த நெவார்க்குக்கு நேரடிச் சேவை தொடங்கியது. நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானங்கள் எரிபொருளை அதிகம் குடித்ததால் 2013இல் நிறுத்தியது. இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350 நீள்தூர வகை வந்த பிறகு 2018இல் மீண்டும் தொடங்கியது. அதில் இருக்கைகள் 161தான், எகானமி வகுப்பு கிடையாது. ஆகவே டிக்கெட் விலை கூடுதல். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வதாக இருந்தால், பிராங்க்பர்ட்டில் நின்று போகும் விமானமே மேல் என்பேன். நேரம் கூடினாலும் நடுவில் கால் நீட்டி நடக்கலாம்.

இப்போது நாள் கணக்கு. நியூயார்க் கோடையில் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் 13. போகும்போது நள்ளிரவுக்குச் சற்றுப் பின் ஏறி, அதே தேதியில் விடியற்காலை இறங்கினேன். திரும்புவதும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். வெள்ளி இரவு பத்தரைக்குப் புறப்பாடு, காலை 5.20க்கு வருகை என்று டிக்கெட்டில் இருந்ததைச் சனிக்கிழமை காலை என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ‘+2’ கண்ணில் படவில்லை. இறங்கப்போவது ஞாயிறு என்று விமான நிலையத்தில் தங்கையின் கணவர் சொல்லித்தான் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை அப்பாவின் திதி. மூத்த மகன் நான். உடனே தம்பிக்குப் போன் செய்து, நீயே செய்துவிடு என்றேன். சிங்கப்பூரில் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவன் எள்ளும் தண்ணீரும் இறைத்தபோது, என் விமானம் நியூயார்க்கை விட்டுக் கிளம்பி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.