பழைய ராக் இசைக்குழுவில் ஆள் மாறினால் ரசிகர்கள் ஏன் ஏற்கத் தயங்குகிறார்கள்?

ஒரு குழுவில் யார் பாடுகிறார், யார் கிடார், டிரம்ஸ் வாசிக்கிறார் என்பதுதான் 'லைன்-அப்'. ராக்கில் பாட்டை எழுதுவது, பாடுவது, பதிவுசெய்வது எல்லாம் பெரும்பாலும் அதே ஆட்கள். அந்த ஒலிப்பதிவை வருடக்கணக்கில் கேட்ட காதுக்குப் பாடகரின் மூச்சும் கரகரப்பும்கூடப் பாட்டில் சேர்த்திதான்.

காரைக்குடியில் பழகிய மெஸ்ஸில் மாஸ்டர் மாறினால், மசாலா அதே அளவுதான் என்றாலும் முதல் கவளத்திலேயே "கை மாறிருச்சே" என்கிறோம் இல்லையா, அதுதான் இது.

குயின் என்ற ராக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி 1991-இல் மறைந்தார். பின்னால் அக்குழுவோடு பால் ரோட்ஜர்ஸ், ஆடம் லாம்பர்ட் இருவரும் அருமையாகவே பாடினார்கள். ஒப்பீடு மட்டும் ஓயவில்லை. மேடையில் பெரும்பாலும் பழைய பாட்டையே பாட வேண்டியிருப்பதுதான் பெரிய சுமை என்பேன். ஆனால் ஏசி/டிசி என்ற இன்னொரு ராக் குழுவைப் பாருங்கள். அதன் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். அவர் இடத்துக்குப் பிரையன் ஜான்சன் வந்தார். ஜூலையிலேயே முழுக்கப் புதுப் பாட்டுகளோடு ஒரு ஆல்பம். உலகில் மிக அதிகம் விற்றவற்றில் அது ஒன்று!

புதியவருக்குத் திறமை போதாது என்று பலர் நினைப்பது சரியல்ல; அவர் குரலோடு பிறந்த பாட்டு ரசிகருக்கு இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.