தம்பி சொன்ன துவக்கும் கோண்டாவில் வீடும்

கேள்வி: அக்கா, நான் கோண்டாவிலில் மாமியோடும் 11, 6 வயதுப் பிள்ளைகள் இருவரோடும் இருக்கிறேன். கணவர் கத்தாரில். போன மாதம் இரண்டு வளவு தள்ளியுள்ள வீட்டில் இரவு வாளோடு புகுந்து நகை எல்லாவற்றையும் கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அமெரிக்காவில் டெக்சாசில் இருக்கும் தம்பி, "ஒரு ஷொட்கன் எடுத்து வை, புயல், கலவரம் எதற்கும் உதவும், காசு நான் அனுப்புகிறேன்" என்கிறான். 12 போரா, 20 போரா, எது எனக்குச் சரிவரும்?

பதில்: தங்கச்சி, கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் அதில் ஒன்று எவ்வளவு பருமனோ, அதுதான் 12 போர்க் குழலின் அகலம். 20 போர் அதைவிடச் சின்னது. சுடும்போது பிடங்கு தோளில் இடிக்கிற வேகமும் குறைவு. அதனால் உடம்பு மெலிந்தவர்களுக்கு அமெரிக்காவில் 20 போரைத்தான் சொல்வார்கள். டெக்சாசில் அடையாள அட்டையைக் காட்டி, பின்னணிச் சோதனை முடிந்தால் அன்றைக்கே கடையில் வாங்கி வரலாம். தம்பி தான் இருக்கிற ஊருக்கு ஏற்றதைச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் இருப்பது கோண்டாவிலில். இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதே குற்றம். அனுமதி கேட்க வேண்டிய இடம், பயிரைக் காக்க என்றால் மாவட்டச் செயலகம், ஆளின் பாதுகாப்புக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சு. கிடைத்தாலும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தனிநபர் பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளையே 2024 நவம்பரில் மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். கள்ளமாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் படலையைத் திறக்கவே வேண்டாம்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஷொட்கன் என்றால் குறி பார்க்கத் தேவையில்லை, தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன ஈயக் குண்டுகளான சன்னங்கள் விரிந்து பரவும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு அறையின் நீளத்துக்குள் அவை உள்ளங்கை அகலத்துக்குத்தான் விரியும். குறி தப்பினால் பலகைக் கதவையும் தகரத்தையும் துளைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போகும். உங்கள் வீட்டில் அடுத்த பக்கம் படுத்திருப்பது மாமியும் பிள்ளைகளும்.

என் பெரியப்பாவிடம் ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று இருந்தது, மாமரத்துக்கு வரும் வௌவாலுக்கு. ஒரு இரவு வளவுக்குள் ஆள் நடமாடுகிறது என்று இருட்டில் சுட்டார். விடிந்து பார்த்தால் கொட்டிலில் மாடு செத்துக் கிடந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படுக்கிற திண்ணை. அதன் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. 80களில் இயக்கப் பெடியள் வந்து துவக்கைக் கேட்டபோது பெரியம்மா மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

என்னைக் கூடுதலாக வருத்துவது உங்கள் 11 வயதுப் பிள்ளை. தோட்டாவை எடுத்துவிட்டு, துவக்கை ஒரு பூட்டுக்குள்ளும் தோட்டாவை வேறொரு பூட்டுக்குள்ளும் வைப்பதுதான் முறை. அப்படி வைத்தால், இரவு இரண்டு மணிக்கு நாய் குரைக்கும்போது இருட்டில் இரண்டு பூட்டையும் திறந்து, தோட்டா போட்டு, நாலைந்து பேரை நீங்கள் தனியே எதிர்கொள்ள வேண்டும். பூட்டாமல் கட்டிலுக்குக் கீழே வைத்தால் ஒரு நாள் பிள்ளை அதை எடுத்துப் பார்க்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தால் சொல்லியிருப்பேன், இல்லை. வந்தவர்கள் அதைப் பறித்துவிட்டால் வாளோடு வந்தவர்கள் துவக்கோடு போவார்கள். நம்முடைய சட்டத்தில் தற்காப்பு உரிமை உண்டு. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அது இடம் தராது. தேவை எவ்வளவு என்று அந்த இருட்டில் நீங்கள் எப்படி அளப்பீர்கள்?

அதனால் வாங்க வேண்டாம் என்கிறேன். தம்பி அனுப்பும் காசுக்கு வேறு வேலை இருக்கிறது. கள்ளன் வீட்டுக்குள் வந்த பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான், அவன் கதவை உடைக்க எடுக்கும் நேரத்தில்தான் நாங்கள் எதையும் செய்யலாம். குசினிப் பக்கக் கதவைப் பாருங்கள். முன்கதவைத் தேக்கில் போட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் தகரத்தில் விட்ட வீடுகள் எங்களிடம் எத்தனை! அதற்கு நல்ல பலகையும் உள்ளே குறுக்குச் சட்டமும் போடுங்கள். ஆள் அசைந்தால் எரிகிற சூரிய விளக்கு கிணற்றடியில் ஒன்று, படலையில் ஒன்று. நகை வங்கிப் பெட்டகத்துக்குப் போகட்டும், போனது அயலுக்கும் தெரியட்டும். நீங்கள் மூவரும் மாமியும் ஓடி ஒளிய, உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு அறையைத் தயாராக வையுங்கள். அதற்குள் சார்ஜ் போட்ட போன் இருக்க வேண்டும். 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ். அப்புறம் அயலில் நாலு வீட்டோடு பேசி, ஒரு வீட்டில் விசில் கேட்டால் எல்லா வீட்டிலும் விளக்குப் போடுவது என்று முடிவெடுங்கள். வாளோடு வருபவர்களுக்கு வெளிச்சமும் சத்தமும் ஆகாது.

புயலுக்கும் துவக்கு உதவாது. 2008 நவம்பரில் நிஷா புயல் மழை எங்களைச் சூழ்ந்தபோது தேவைப்பட்டது குடிக்கத் தண்ணீரும் காய்ந்த விறகும்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமமே நாவற்குழிப் பாலத்தால் இடம்பெயர்ந்தபோது என் அம்மா தோளில் கொண்டு போன பையில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பால்மா, ஒரு ரோச் இருந்தன. நீங்களும் அப்படி ஒரு பையைக் கட்டி வையுங்கள். மாமியின் மருந்து இரண்டு கிழமைக்கு, பற்றரி ரேடியோ ஒன்று. கரண்ட் போனால் மோட்டர் இறைக்காது, ஆகையால் கிணற்றுக்குக் கயிறும் வாளியும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் போனில் பதிந்து வையுங்கள்.

இந்தக் கிழமையே தச்சரைக் கூப்பிட்டுக் குசினிக் கதவைக் காட்டுங்கள். அது முடியும் வரை இரவில் மாமியும் பிள்ளைகளும் நீங்களும் ஒரே அறையில் படுங்கள், உங்களுக்கும் கண் அயரும்.