முதல் மடக்குக் கத்தி: 150 வெள்ளிக்குள் எதை வாங்கலாம்?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். அண்மைக் காலமாக மடக்குக் கத்திகளின் மேல் ஆர்வம் வந்திருக்கிறது. கையில் 150 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. பழம் நறுக்க, உர மூட்டைக் கயிறு அறுக்க, ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக்கப் போகும்போது தூண்டில் நரம்பு வெட்ட ஒரு நல்ல கத்தி வேண்டும். 440சி, டி2 என்று எஃகின் பெயர்களைப் படித்துப் படித்துக் குழம்பிவிட்டேன். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 25 வெள்ளிக்கு ஒன்று பார்த்தேன். பொத்தானை அழுத்தினால் பட்டென்று திறக்கிறது. அதை வாங்கலாமா? கத்தியைப் பையில் வைத்திருப்பது சட்டப்படி குற்றமா? என் அண்ணன் மகனுக்கு எட்டு வயது. அவனும் ஒரு கத்தி கேட்கிறான்.

பதில்: தம்பி, பாசார் மாலாம் கத்தியை முதலில் பேசி முடித்துவிடுவோம். அதை வாங்காதீர்கள். என் வலது ஆள்காட்டி விரலில், நடுக் கணுவுக்குச் சற்றுக் கீழே, ஒரு தழும்பு இருக்கிறது. பத்தொன்பது வயதில் அப்படியொரு மலிவுக் கத்தியால் மூங்கில் சீவிக்கொண்டிருந்தேன். அந்தக் கத்தியில், பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்கி நிற்க வேண்டும். அதுதான் பூட்டு. என் கத்தியில் அந்தத் தகடு தகரம் போல வளைந்து வழுக்கிவிட்டது. அலகு மடங்கி விரலின் மேல் இறங்கியது. நான்கு தையல் போட்டார்கள். அதில் பூட்டே இல்லாதிருந்தால் நான் அவ்வளவு அழுத்தியிருக்க மாட்டேன். பூட்டை நம்பித்தான் அழுத்தினேன்.

பட்டென்று திறக்கும் கத்தியை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் சட்டம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் உங்களுக்குச் சொல்லும் கத்தி ஒப்பினெல் எட்டாம் எண், துருப்பிடிக்காத எஃகு அலகு கொண்டது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் உருவாக்கிய கத்தி இது. குடியானவர்கள் ரொட்டி அறுக்கவும் கிளை சீவவும் சட்டைப் பையில் வைத்திருந்த கருவி. இன்றும் ஏறக்குறைய அதே வடிவம்தான்: பீச் (beech) மரத்தில் கடைந்த பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு, கழுத்தில் ஓர் இரும்பு வளையம். வளையத்தை விரலால் திருகினால் அலகு பின்னால் மடங்காது. இந்த வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது. உள்ளே மறைந்திருக்கும் வில்லோ தகடோ இல்லை. பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். உங்கள் பணத்தில் கத்தியும் வந்து, ஒரு நல்ல தீட்டுக்கல்லுக்கும் மிச்சம் இருக்கும். விலை கடைக்குக் கடை மாறும்; இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து வாங்குங்கள். பெயர் பெற்ற கத்தி பாதி விலைக்குக் கிடைத்தால் அது போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எஃகின் பெயர்தான் கத்தியின் தரம் என்று நினைத்துத்தான் புதியவர்கள் பணத்தை இழக்கிறார்கள். ஒரு பெரிய கொய்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மில்லிமீட்டர் தடித்த முதுகுள்ள கத்தியை அதில் இறக்கினால், வாய் எவ்வளவு கூராக இருந்தாலும், பாதியில் நின்றுவிடும். மேலும் அழுத்தினால் பழம் ஆப்பு வைத்த விறகைப் போல் பிளக்கும். ஒப்பினெலின் அலகு இரண்டு மில்லிமீட்டருக்கும் மெல்லியது. முதுகிலிருந்து வாய் வரை சீராக மெலிந்துகொண்டே வருகிறது. கொய்யாவில் அது சத்தமில்லாமல் இறங்கும். வெட்டிய முகம் வழவழப்பாக இருக்கும். கடைக் கண்ணாடிக்குள் முறுக்காகத் தெரியும் கறுப்பு நிறத் தடிக் கத்திகள் பலவற்றால் இதைச் செய்ய முடியாது. இந்த மெலிவுக்கு ஒரு விலை உண்டு: அலகை நெம்புகோலாகப் பயன்படுத்தி டின் மூடியைப் பெயர்த்தால் நுனி ஒடியும்.

என் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் இறக்கியவர். விடியுமுன் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போவதற்கு முன்னால், லயத்து வாசலில் குந்தியபடி உளியைத் தீட்டுவார். கல்லில் தண்ணீரைத் தெளித்து, உளியின் வாயைப் படிய வைத்து, ஒரே சீராக இழுப்பார். பிறகு கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் மறுபடியும் கல். நகத்தைப் பற்றிக்கொண்டால் போதும், எழுந்துவிடுவார். மழுங்கிய உளி பட்டையைச் சீவாமல் கிழித்து மரத்தைக் காயப்படுத்தும். காயம்பட்ட இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. அந்த உளி என்ன எஃகு என்று அவருக்குத் தெரியாது. எந்தக் கோணத்தில் தீட்ட வேண்டும் என்று தெரியும்.

ஆனாலும் நம் ஊருக்கு எஃகில் ஒரு தேர்வு அவசியம். ஒப்பினெல் இரண்டு வகை எஃகில் வருகிறது. கார்பன் எஃகு எளிதில் தீட்டுப்படும், நல்ல கூர் கொள்ளும். ஆனால் ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் நம் நாட்டில், மாங்காய் நறுக்கித் துடைக்காமல் வைத்தால் மாலைக்குள் கருக்கும். ஓரிரவில் துருப்புள்ளி காணும். துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் வந்த பிறகு இரண்டாவது கத்தியாக அதை வாங்கலாம். அப்போது அந்தக் கருமை படிவதே ஓர் அழகாகத் தெரியும். இப்போதைக்குத் துருப்பிடிக்காத வகை, 12சி27 என்ற சுவீடன் எஃகு. அதில் துருவைத் தடுக்கும் குரோமியம் சுமார் பதின்மூன்றரை விழுக்காடு இருக்கிறது.

நீங்கள் கேட்ட டி2 இடைப்பட்டது. குரோமியம் பன்னிரண்டு விழுக்காட்டை நெருங்கினாலும், அதில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கடினத் துகள்களாக மாறிவிடுகிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. அதனால் கூர் நீண்ட நாள் நிற்கும், ஆனால் ஈரத்தில் புள்ளி விழும், தீட்டவும் நேரம் எடுக்கும். கான்சோ போன்ற சீனத் தயாரிப்புகள் 440சியிலும் டி2விலும் நியாயமான விலைக்கு வருகின்றன. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். தீட்டப் பழகிய கைக்கு அவை பொருத்தம்.

ஒப்பினெலுக்கு நம் ஊரில் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. மரப்பிடி ஈரத்தை உறிஞ்சி ஊதும். அடைமழைக் காலத்தில் அலகு பிடிக்குள் இறுகி, நகத்தால் இழுத்தாலும் வராது. அப்போது பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு சற்றே வெளியே வரும். சவோய்க்காரர்கள் செய்யும் உத்திதான் இது. நிரந்தரத் தீர்வுக்கு, அலகு நுழையும் பிளவின் உட்பக்கத்தை மடித்த மணல்தாளால் மெல்லத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயைத் தடவி இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு பூச்சு. கத்தியைத் தண்ணீரில் ஊறப்போடவே கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். அச்சாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம். அது நாள்பட்டுப் பிசினாகிவிடும்.

மரப்பிடி சரிப்படாது என்று தோன்றினால், பணத்தைச் சற்றுக் கூட்டி, சுவிஸ் நாட்டு விக்டோரினாக்சின் எளிய வகைகளில் ஒன்றைப் பாருங்கள். கார்ல் எல்செனர் 1897இல் பதிவு செய்த, படை அதிகாரிகளுக்கான கத்தியின் வழிவந்தவை. அலகு மெல்லியது, துருவை நன்றாகத் தாங்கும், தூண்டில்காரருக்குச் சிறு கத்தரிக்கோலும் உதவும். அவற்றின் எளிய வகைகளில் பூட்டு இல்லை. வில்லின் இறுக்கம்தான் அலகை நிறுத்தும். குத்துவது போன்ற வேலைக்கு எடுக்காதவரை அது போதும்.

இனி கல். ஒரு பக்கம் 400 (சொரசொரப்பு), மறுபக்கம் 1000 (மென்மை) என்று இருக்கும் இரட்டைக் கல் இரும்புக் கடையிலேயே கிடைக்கும். கோணத்தைப் பிடிக்க எளிய வழி: அலகைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள், அதில் பாதியாகச் சாயுங்கள், மறுபடி பாதி, பிறகு இன்னும் ஒரு சிறிது. இருபது பாகை வந்துவிடும். அலகின் வாயோரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி, நான்கு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை வாய் வரை அழிந்திருந்தால் கோணம் சரி. மேலே மட்டும் அழிந்திருந்தால் மிகவும் படுக்க வைத்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் முழுதும் தேய்ந்ததும் மறுபக்கத்தில் மயிரிழை போலப் பிசிறு எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி வெளியே வழித்துப் பார்த்தால் சொரசொரப்பாகத் தட்டுப்படும். பிசிறு எழும் வரை பக்கம் மாற்றக் கூடாது. தொடங்குகிறவர்கள் பலரும் தவறுவது இங்கேதான். பத்துத் தடவை இங்கே, பத்துத் தடவை அங்கே என்று எண்ணிக்கொண்டு தேய்த்து, கூர் வரவில்லை என்று கத்தியைக் குறை சொல்கிறார்கள். இரு பக்கமும் பிசிறு எழுந்த பின் 1000க்கு மாறி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் பழைய தோல் வாரில் முதுகு முன்னால் போகும்படி பத்துப் பதினைந்து முறை இழுத்தால் பிசிறு போய்விடும். பழுத்த தக்காளியின் மேல் அலகை அழுத்தாமல் இழுங்கள். தோல் தானாகப் பிரிய வேண்டும்.

சட்டத்துக்கு வருகிறேன். 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதங்கள் சட்டத்தின் ஆறாவது பிரிவு, பொது இடத்தில் சட்டப்படியான காரணமின்றி அபாயகர ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஆண்டுக்கணக்கில் சிறை, பிரம்படியும் உண்டு. ஆகவே “எதற்காக வைத்திருக்கிறாய்?” என்ற கேள்விக்கு உங்கள் பதில் அந்த இடத்துக்கும் நேரத்துக்கும் பொருந்த வேண்டும். தோட்டத்தில் உர ஸ்டோர் அருகே, அல்லது மீன்பிடிக்கும்போது தூண்டில் பெட்டிக்குள் இருந்தால் காரணம் கண்முன்னே இருக்கிறது. இரவு பதினொரு மணிக்குப் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையில் இடுப்பில் செருகியிருந்தால் எந்தக் காரணமும் எடுபடாது. திருவிழா, பந்து விளையாட்டு, பஸ் பயணம் ஆகியவற்றுக்குக் கத்தியை வீட்டில் வைத்துவிட்டே போங்கள். வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிள் கூடையில் கிடக்கவிடாதீர்கள். விமானம் ஏறினால் கைப்பையில் கூடாது. பொத்தான் கத்தியைப் பார்த்த மாத்திரத்திலேயே காவலருக்கு அது ஆயுதம். மரப்பிடிக் கத்தியைப் பார்த்தால் பழம் நறுக்கும் கத்தி என்றாவது தோன்றும்.

உங்கள் அண்ணன் மகனுக்கு, நுனி உருண்டையாக இருக்கும் ஒப்பினெல் ஏழாம் எண் இருக்கிறது. சிறுவர்களுக்கென்றே செய்தது, அதே வளையப் பூட்டு. அவனுடைய தாய் தந்தையிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். மழுங்கிய கத்தியைக் கொடுத்தால் பத்திரம் என்று எண்ண வேண்டாம். மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் வேண்டும், அழுத்தினால் வழுக்கும். உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும், கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் யாரும் இருக்கக் கூடாது, வளையத்தைத் திருகிக் காட்டிய பிறகே அலகு எதையும் தொட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். முதல் வாரம் பலகையில் வைத்து வெள்ளரிக்காய் நறுக்கட்டும். வேலை முடிந்ததும் துடைத்து, மடக்கி, உங்கள் கையில் திருப்பித் தரட்டும்.