லேபிள் அதேதான், உள்ளே இருப்பது மாறிவிட்டது

போன இதழில் கார் ஷாம்பு கலக்கும் அளவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் அளவைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. "வருஷக்கணக்கா வாங்கின கம்பெனி இப்படி மாறிப்போச்சே" என்ற வருத்தம்தான் அதிகம். கம்பெனிப் பெயர்களை நான் எடுத்துவிட்டேன். எதிர்த்தரப்பைக் கேட்காமல் பெயரை அச்சில் ஏற்றுவது நியாயமில்லை. இந்த முறை பக்கம் முழுக்க இந்த விஷயத்துக்கே: முதலில் கடிதம், அதன் அடியில் என் பதில்.

ஆறு வருஷமாக ஒரே கம்பெனியின் ஷாம்பு, ஸ்ப்ரே வாக்ஸ்தான் வாங்குகிறேன். ஆரம்பத்தில் போன் பண்ணினால் முதலாளியே எடுப்பார். "சார், நிழல்ல நிறுத்தி, சூடு ஆறினப்புறம் அடிங்க" என்று சொல்லிக் கொடுத்ததே அவர்தான். இப்போது ஊருக்கு ஊர் கடை, விளம்பரம், பாட்டில்கூடப் பளபளவென்று இருக்கிறது. ஆனால் ஷாம்புவில் அந்த வழுவழுப்பு இல்லை, வாக்ஸ் துடைத்தால் கோடுகோடாக நிற்கிறது. கேட்டால் "ஃபார்முலா மாறவே இல்லை" என்கிறார்கள். எனக்குத்தான் பிரமையா?
(வாசகர், கோவை)

பிரமை இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரே காரைக் கழுவிய கைக்கு வழுவழுப்பு குறைந்தது தெரியாமல் போகாது. ஆனாலும் கம்பெனியைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் தண்ணீரை ஒருமுறை சந்தேகப்பட்டுவிடுங்கள். கோடையில் போர் தண்ணீர் மட்டம் இறங்க இறங்கப் பெரும்பாலும் உப்பு ஏறும். உப்புத் தண்ணீரில் ஷாம்பு பாதி வேலைதான் செய்யும், வாக்ஸ் காயும்போதும் கறை நிற்கும். இதைச் சோதிக்கக் காசு செலவே இல்லை. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை ஒரு வாளி பிடித்து வையுங்கள், அதில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது. காலையில் பானட் சில்லென்று இருக்கும்போது நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பாதியை வழக்கமான தண்ணீரில் கலந்த ஷாம்புவாலும் மறுபாதியை ஏசித் தண்ணீரில் கலந்த ஷாம்புவாலும் கழுவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கை ஒரே மாதிரி இழுத்தால் தண்ணீர் மேல் தப்பில்லை. பழைய பாட்டிலின் அடியில் இரண்டு மூடி அளவு மிச்சமிருந்தால் இன்னும் நல்லது, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்த்துவிடலாம்.

வழுவழுப்புதானே, போனால் போகட்டும் என்று விட முடியாது. பெயின்ட்டுக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கழுவும்போது தூசியை மேலே தூக்கி வழுக்கி விடுவதுதான் ஷாம்புவின் முதல் வேலை, நுரை அதற்கு அப்புறம். வழுக்கவில்லை என்றால் அந்த மண் துகளை நாமே துணியால் தேய்க்கிறோம். ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கின் கீழே கறுப்பு கார் நிற்கும்போது சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரியுமே, பெரும்பாலும் இப்படித் தேய்த்து வந்ததுதான்.

சரி, ஏன் மாற்றுகிறார்கள்? எல்லாவற்றையும் பேராசை என்று எழுதிவிட எனக்கு மனசில்லை. சில சமயம் சட்டம் மாறும். வாக்ஸில் சேர்க்கிற சிலிகானில் டி4, டி5 என்று சில வகைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 0.1 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. முதலில் கழுவி விடுகிற அழகுப் பொருட்களுக்கு மட்டும் இருந்த அந்த வரம்பை 2024-இல் வாக்ஸ், பாலிஷ் வகைகளுக்கும் நீட்டினார்கள். அங்கே விற்க வேண்டுமானால் கம்பெனி ஃபார்முலாவைத் தொட்டே ஆக வேண்டும். சில சமயம் மூலப்பொருள்தான் காரணம். கார் வாக்ஸில் சேர்க்கிற கார்னாபா மெழுகு வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து வருகிறது. ஓலையை வெட்டிக் காயப்போட்டு, மேலே படிந்திருக்கிற மெழுகுப் பொடியைத் தட்டி எடுக்கிறார்கள். மாதம் நூறு டப்பா போடும்போது வாங்கிய சரக்கே மாதம் பத்தாயிரம் டப்பாவுக்கும் அதே தரத்தில், அதே விலையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஆனால் பெரிய காரணம் வேறு என்று நான் நினைக்கிறேன். என் வீட்டுக் காருக்கு டாஷ்போர்டில் தடவ ஒரு திரவம் வாங்கிக்கொண்டிருந்தேன். துடைத்தால் மினுக்கம் இல்லாமல், புதுக் காரில் இருக்குமே, அந்த மாதிரி மங்கலாகக் காயும். அதற்காகத்தான் அதை வாங்கியதே. ஒரு நாள் புது பாட்டிலைத் திறந்து தடவினேன், எண்ணெய் பூசின மாதிரி மின்னியது. சாயங்காலம் மேற்குப் பார்த்து ஓட்டும்போது டாஷ்போர்டின் நிழல் முன் கண்ணாடியில் அப்படியே விழுந்து ரோடு பாதி மறைந்தது. கம்பெனிக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து வந்த பதில்: "வாடிக்கையாளர்கள் பளபளப்பைத்தான் விரும்புகிறார்கள்." பன்னிரண்டு பாட்டில் வாங்கிய நானும் வாடிக்கையாளர்தானே என்று அன்றைக்கு உண்மையிலேயே வலித்தது.

அவர்கள் பொய் சொல்லவில்லை. சூப்பர் மார்க்கெட் அலமாரிக்குப் போனதும் முதல்முறை வாங்குகிற ஆளுக்காகப் பொருள் மாறுகிறது. அவர் மூடியைத் திறந்து வாசனை பார்ப்பார், நிறம் பார்ப்பார், வாளியில் நுரை பொங்குகிறதா என்று பார்ப்பார். கோடு நிற்கிறதா, மூன்றாவது மழைக்கும் தண்ணீர் உருண்டு ஓடுகிறதா என்பதெல்லாம் இருபதாவது பாட்டில் வாங்குகிறவருக்குத்தான் தெரியும். வளர வளர முதல் பாட்டில்காரர்கள் கூடிப்போகிறார்கள், உங்கள் மாதிரி ஆட்கள் சொல்வது காதில் விழுவதில்லை. மாற்றத்தைக்கூட மன்னிக்கலாம். பழைய லேபிளையே ஒட்டி, அதே பெயரில், ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றினால் அதை மன்னிக்க முடியாது. "புதிய ஃபார்முலா" என்று இரண்டு சொல் அச்சடித்திருந்தால் நீங்கள் உங்கள் கையையே சந்தேகப்பட்டிருக்க மாட்டீர்கள்.

வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறேன். ஒரு கம்பெனி வாக்ஸை நம்பி என் கஸ்டமர்கள் பல பேரை வாங்க வைத்தேன். இப்போது அவர்களே வந்து "என்னண்ணே, நீங்க சொன்னதுதானே" என்கிறார்கள். முகத்தைப் பார்க்க முடியவில்லை.
(வாசகர், மதுரை)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விளம்பரத்துக்குக் காசில்லாத காலத்தில் அந்த கம்பெனியைத் தூக்கிவிட்டது உங்களை மாதிரி ஆட்களின் வாய் வார்த்தை. இது அவர்களுக்கு நினைவிருக்க வேண்டும்.

கஸ்டமர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்: "அப்போ நல்லா இருந்துச்சு, இப்போ வர்ற சரக்கு சரியில்லை, நானும் மாத்திட்டேன்." இதைச் சொல்வதால் உங்கள் பெயர் கெடாது, மறைத்தால்தான் கெடும். அடுத்து எந்தப் பொருளைச் சிபாரிசு செய்தாலும் பாட்டிலில் இருக்கிற பேட்ச் எண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். புது பேட்ச் வந்ததும் முதலில் உங்கள் சொந்த வண்டியின் டிக்கி மூடியில் அடித்து, இரண்டு வாரம் வெயிலிலும் மழையிலும் விட்டுப் பார்த்த அப்புறம் கஸ்டமர் வண்டியைத் தொடுங்கள். ஐந்து லிட்டர் கேனாக வாங்கினால் மலிவுதான், ஆனால் மாறின பேட்ச் வந்து மாட்டிக்கொண்டால் அந்த மலிவுக்கு அர்த்தமில்லை. இந்த விஷயத்தில் சின்ன பாட்டில்தான் நல்லது.

முன்னே 500 மி.லி. பாட்டில் 450 ரூபாய். இப்போதும் 450தான், ஆனால் 400 மி.லி. இதைக் கேட்க ஆளில்லையா?
(வாசகர், திருச்சி)

பாட்டிலில் 400 என்று சரியாக அச்சிட்டிருந்தால் சட்டப்படி அதில் தப்பில்லை. பொட்டலப் பொருட்களுக்கான விதிப்படி நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், வருஷம் எல்லாம் இருக்க வேண்டும். இப்போது ஒரு மில்லிலிட்டருக்கு என்ன விலை என்பதும் சேர்ந்திருக்கிறது. உங்கள் கணக்கில் 90 காசாக இருந்தது 1 ரூபாய் 13 காசு ஆகிவிட்டது.

உண்மையான ஏற்றம் இதைவிட அதிகம், அது பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. முன்பு ஒரு வாளிக்கு 30 மி.லி. ஊற்றச் சொல்லியிருந்தார்கள், இப்போது 40 மி.லி. என்று நீங்களே கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் விஷயமே. பழைய பாட்டிலில் பதினாறு முறை கழுவலாம், ஒரு தடவைக்கு 28 ரூபாய். புதியதில் பத்து முறைதான், ஒரு தடவைக்கு 45 ரூபாய். கடையில் பாட்டில் விலையைப் பார்க்காதீர்கள், ஒரு வாளிக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். இப்படிப் போட்டுப் பார்த்தால் விலை அதிகம் என்று நாம் ஒதுக்கி வைத்த வேறு பிராண்டுகூடச் சில சமயம் மலிவாக இருக்கும்.

எனக்குப் பிடித்த பிராண்டைப் பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது. இப்போதே விட்டுவிடலாமா?
(வாசகர், சென்னை)

அவசரப்படாதீர்கள். மெகுயர்ஸ் என்ற கார் பாலிஷ் பிராண்ட் 1901-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் மரச்சாமான் பாலிஷ் செய்யும் குடும்பத் தொழிலாகத் தொடங்கியது, நூறு வருஷத்துக்கும் மேலாக அந்தக் குடும்பத்தின் கையில் இருந்து, 2008-இல் த்ரீஎம் என்ற பெரிய அமெரிக்க நிறுவனம் அதை வாங்கியது. பெயர் இன்றும் இருக்கிறது, கடையில் பாட்டிலும் இருக்கிறது. கை மாறினால் எல்லாம் கெட்டுவிடும் என்று விதி ஒன்றுமில்லை. கை மாறாமலே கெட்டுப்போன சின்ன பிராண்டுகளையும் பார்த்திருக்கிறேன்.

முதலாளி யார் என்பதைவிட, சந்தேகம் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். பானட் சூடாக இருக்கும்போது அடித்துவிட்டேன், கறையை எப்படி எடுப்பது என்று கேளுங்கள். விஷயம் தெரிந்தவர், எவ்வளவு நேரம் ஆச்சு, என்ன துணியால் துடைத்தீர்கள் என்று திருப்பிக் கேட்பார். அந்த ஆள் போய், "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற பதில் மட்டும் வர ஆரம்பித்தால் அடுத்த பாட்டிலைச் சின்னதாக வாங்குங்கள்.

பழைய ஃபார்முலா கிடைத்த கடையில் பன்னிரண்டு பாட்டில் ஸ்ப்ரே வாக்ஸ் வாங்கி மொட்டை மாடி அறையில் வைத்திருக்கிறேன். கெடுமா?
(வாசகர், நாகர்கோவில்)

மொட்டை மாடி அறையா? இன்றைக்கே கீழே இறக்குங்கள். ஸ்ப்ரே வாக்ஸ் தண்ணீரும் எண்ணெய்ப் பசையும் கலந்து நிற்கிற கலவை, தொடர்ந்து சூடு பட்டால் பிரிந்துவிடும். குலுக்கினால் மறுபடி சேராமல் திரிதிரியாகத் தெரிந்தால் பெயின்ட்டில் அடிக்க வேண்டாம். டப்பாவில் வருகிற கெட்டி வாக்ஸ் பல வருஷம் தாங்கும், திரவம் அப்படி இல்லை. ஆசையாகச் சேர்த்து வைத்தது புரிகிறது, ஆனால் அதை உபயோகித்துத் தீர்த்துவிடுங்கள்.

கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். "அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடி" என்று கூப்பன் வந்தது. அவமானமாக இருந்தது.
(வாசகர், சேலம்)

அவமானம்தான். விளக்கம் கேட்டவருக்கு மறுபடி வாங்கு என்று பதில் வந்தால் வேறு எப்படி இருக்கும்.

இந்த முறை வேறு மாதிரி எழுதுங்கள். "முன்ன மாதிரி இல்லை" என்று எழுதினால் கூப்பன்தான் வரும். பழைய பாட்டிலின் பேட்ச் எண், புதியதன் பேட்ச் எண், இரண்டும் தயாரான மாதம், உங்கள் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்கிற டிடிஎஸ் அளவு, ஒரே பானட்டில் பாதிப் பாதி அடித்து எடுத்த போட்டோ, இவ்வளவையும் வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த இரண்டு பேட்சுக்கும் நடுவில் கலவை மாறியதா, ஆமாவா இல்லையா? பாட்டிலில் அச்சிட்டிருக்கிற நுகர்வோர் தொடர்பு முகவரிக்கு அனுப்புங்கள், பதிலே வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கூடவே அந்தப் பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். எஸ்டிஎஸ் என்றால் அவர்களுக்குப் புரியும், ரசாயனப் பொருள் செய்கிற ஒழுங்கான கம்பெனியிடம் அது இருக்கும். மொத்தம் 16 பிரிவு. முழு ஃபார்முலாவும் அதில் வராது, ஆனால் மூன்றாவது பிரிவில் ஆபத்து வகையில் சேரும் பொருட்களின் பெயர் இருக்கும், ஒன்பதாவதில் அமிலமா காரமா என்று காட்டுகிற பிஎச் அளவு இருக்கும், திருத்திய தேதியும் போட்டிருப்பார்கள். தினசரி ஷாம்பு என்றால் பிஎச் 7-ஐ ஒட்டி இருப்பது வாக்ஸுக்கு நல்லது, காரம் ஏற ஏற மேலே இருக்கிற வாக்ஸைச் சேர்த்து உரித்துக்கொண்டு போகும். பழைய தாளில் ஒரு எண்ணும் புதிய தாளில் வேறு எண்ணும் இருந்தால், "மாறவே இல்லை" என்று அவர்களால் மறுபடி எழுத முடியாது. இரண்டு தாளும் கிடைத்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.