பகுத்தறிவுமயமாதல் என்றால் கடவுள் மறுப்பா?

சமூகவியலில் வரும் ‘பகுத்தறிவுமயமாதல்’ என்ற சொல் கடவுள் மறுப்பைக் குறிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நம்மூரில் பகுத்தறிவு என்றதும் பெரியார் நினைவுக்கு வருவதால் நேரும் குழப்பம் இது. மரபும் பழக்கமும் உணர்ச்சியும் வழிநடத்திய செயல்களைக் கணக்கீடும் விதிமுறையும் மெல்லமெல்லக் கைப்பற்றிக்கொள்வதையே ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் இவ்வாறு குறித்தார்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் இருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலையில் இதைக் கண்கூடாகக் காணலாம். 1913-இல், கார் நகர்ந்துவர ஆட்கள் நின்ற இடத்திலேயே ஆளுக்கொரு சிறு வேலையைச் செய்யும் நகரும் வரிசை முறை அங்கே புகுத்தப்பட்டதும், ஏறத்தாழ 12½ மணி நேரம் பிடித்த சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) பூட்டும் வேலை, அடுத்த ஆண்டுக்குள் சுமார் 93 நிமிடங்களாகச் சுருங்கியது. போல்ட்டைச் செருகுபவர் நட்டை மாட்டமாட்டார். நட்டை மாட்டுபவர் அதை முறுக்கமாட்டார். கணக்குப்படி இது கச்சிதமான ஏற்பாடுதான். ஆனால் ஒரே அசைவை நாள் முழுவதும் செய்யச் சகிக்காமல் ஆட்கள் கூட்டம்கூட்டமாக வேலையை விட்டதால், 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு 5 டாலர் என்று ஊதியத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி அவர்களைப் பிடித்துவைக்க வேண்டியதாயிற்று.

வெபரின் கவலையும் இதுதான்: மனிதர் தம் வசதிக்காக வகுத்த முறையே, அவர்கள் வெளியேற முடியாத ‘இரும்புக் கூண்டாக’ இறுகிவிடுகிறது. அரசு அலுவலகக் கோப்புகளிலும் அவர் கண்டது இதையே.