மதம் மாறியதும் பாட்டையே விட்டவர் யூசுஃப் இஸ்லாம். அவர் உலக அமைதி பற்றிப் பேசுவதை எப்படி நம்புவது?

யூசுஃப் இஸ்லாம், கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் பாடிய காலத்துப் பழைய பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள் என்று நினைக்கிறேன். அவர் இஸ்லாத்துக்கு வந்ததில் நல்ல பாடகர் ஒருவர் கைவிட்டுப் போனார் என்ற வருத்தம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. வருத்தப்படுவதில் தவறில்லை. ஆனால் மதம் அவருடைய பாட்டை விழுங்கிவிட்டது, ஆகவே அமைதிப் பேச்சும் வெறும் பேச்சு என்று முடிவு கட்டுகிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் நாகப்பட்டினம் பக்கத்துக்காரன். கல்யாணங்களிலும் கந்தூரிகளிலும் இஸ்லாமியப் பாடல்கள் பாடும் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். இதே மனிதருடைய கதையில் பாதியை மட்டும் எடுத்து என்னிடமும் நீட்டியிருக்கிறார்கள். நீட்டியது உங்களுக்கு நேர் எதிரான தரப்பு.

அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948இல் லண்டனில் பிறந்தவர். தந்தை சைப்ரஸ் கிரேக்கர், தாய் ஸ்வீடன்காரர், படித்தது கத்தோலிக்கப் பள்ளியில். புகழ் வந்த கையோடு காசநோயும் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அங்கிருந்துதான் தேடல் தொடங்கியது. தியானம், பௌத்தம், எண் சோதிடம் என்று ஒன்றையும் விடவில்லை. 1972இல் வந்த ஆல்பத்துக்கு ஜென் பௌத்தத்தின் எருதுக் கதையிலிருந்து பெயர் வைத்தார். உலக அமைதிக்கான பாட்டு என்று எல்லாரும் சொல்லும் 'பீஸ் டிரெய்ன்' வந்தது 1971இல். பிறகு கலிஃபோர்னியாவில் மாலிபு கடலில் நீந்தப் போய், கரை திரும்ப முடியாமல் தத்தளித்தபோது, காப்பாற்றினால் இறைவனுக்காக உழைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஜெருசலேம் போய்வந்த அண்ணன் கொடுத்த குர்ஆனைப் படித்து 1977 கடைசியில் இஸ்லாத்தை ஏற்றார். அதில் யூசுஃப் நபியின் அத்தியாயம் மனதைத் தொட்டதால் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்.

இனி என் வீட்டுக் கதை.

என் தங்கை மகளின் நிக்காஹ். மாலை நிகழ்ச்சிக்கு எங்கள் குழுதான். 'தலஅல் பத்ரு' என்ற அரபிப் பாட்டைப் பாடி முடித்து, நாகூர் ஹனிபா அவர்களின் 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டுக்கு முன்னிசை எடுத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் அந்தப் பாட்டுக்கு மதம் கிடையாது. கோயில் தெருவிலிருந்து வந்திருந்தவர்களும் கூடவே முணுமுணுத்தார்கள். அப்போது தங்கையின் மூத்த மகன் மேடையேறி என் காதருகே குனிந்தான். வளைகுடாவிலிருந்து தன் தங்கையின் கல்யாணத்துக்காக வந்திருந்த பிள்ளை. "மாமா, கீபோர்டு வேண்டாம். தப்ஸ் மட்டும் வைத்துப் பாடுங்கள். ஹராமான காரியம் நம் வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டாம்" என்றான். ஹராம் என்றால் மார்க்கம் தடுத்தது. தப்ஸ் என்பது கையால் தட்டும் தோல் கருவி.

கல்யாண வீடு. என் தங்கை பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் சுவிட்சை அணைத்துவிட்டு உறையைப் போட்டு மூடினேன். பாடுகிற எங்கள் நானாவுக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. சுருதி பிடித்துக்கொள்ள ஆதாரம் இல்லாமல் சரணத்துக்குச் சரணம் குரல் மேலே ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் அவரால் எட்ட முடியவில்லை, தொண்டை கட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்டுக் கை நீட்டினார். சபையில் பாதிப் பேர் பந்திக்கு எழுந்துவிட்டார்கள். நபிப் புகழ் பாடும் பைத்து சபாக்களில் பாடிப் பேர் வாங்கிய மனிதர் அவர்.

இரவு மாடியில் மருமகனும் நானும் உட்கார்ந்து பேசினோம். அவன் கெட்ட பிள்ளை அல்ல. சம்பாதித்துத் தன் தங்கையைக் கரை சேர்த்தவன், ஐந்து வேளையும் தொழுகிறவன். "உலகப் புகழ் பெற்ற யூசுஃப் இஸ்லாமே கிட்டாரை விட்டுவிட்டாரே மாமா, உங்களுக்கு ஏன் மனம் வரவில்லை?" என்று கேட்டான். கேசட் காலத்திலிருந்து அந்த மனிதரைக் கேட்டுக்கொண்டிருப்பவன் நான். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் பெரியவாப்பா கொண்டுவந்த கேசட் அது. மீதிக் கதையை அன்று இரவு அவனுக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்.

தொடக்கத்தில் ஓர் இமாம், பாட்டில் தப்பான பொருள் இல்லாவிட்டால் பாடலாம் என்றுதான் யூசுஃபிடம் சொன்னார். வேறு சிலர் கூடாது என்றார்கள். சந்தேகமானதை விட்டு விலகு என்று ஹதீஸ், அதாவது நபிமொழி, இருக்கிறது. அதன்படி விலகினார், கிட்டார்களை ஏலத்தில் விற்று அறப்பணிக்குக் கொடுத்தார். 1983இல் லண்டனில் ஒரு முஸ்லிம் பள்ளியைத் தொடங்கினார். 1998இல் அரசு நிதி பெற்ற முஸ்லிம் பள்ளிகளில் அதுவும் ஒன்று. போஸ்னியாவில் போர் வந்தபோது நிவாரண வேலையில் இறங்கினார். அந்த நாட்டு வெளியுறவு அமைச்சர் இர்ஃபான் லியூபியான்கிச் தாமே எழுதிய பாட்டு ஒன்றைக் கேசட்டில் போட்டு இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். 1995இல் அவருடைய ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். முற்றுகையில் கிடந்த மக்களைப் பாட்டு எப்படி நிமிர்த்தி வைத்தது என்பதை யூசுஃப் அங்கே கண்ணால் பார்த்தார். பிறகு மகன் ஒரு கிட்டாரை வீட்டுக்குள் கொண்டுவர, எல்லாரும் தூங்கும் விடிகாலையில் அதை எடுத்திருக்கிறார். விரல்கள் தாமாகவே இடம் கண்டுபிடித்தன என்கிறார். 2006இல் புது ஆல்பம் வந்தது. அந்த டிசம்பரில் வங்கதேசத்தின் முகமது யூனுஸுக்கு நோபல் அமைதிப் பரிசு கொடுத்தபோது ஆஸ்லோவில் நடந்த இசை நிகழ்ச்சியில் அதே 'பீஸ் டிரெய்ன்' பாடினார்.

அந்த வீடியோவை மருமகனுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசி வரை பார்த்தான். "அது அவருடைய பலவீனம் மாமா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனான். இன்றும் அவன் கருத்து அதுதான்.

விட்டதும் திரும்ப எடுத்ததும் ஒரே மனிதரின் ஒரே இறையச்சத்திலிருந்து வந்தவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் மருமகன் விட்டதை மட்டும் பார்த்துப் பெருமைப்படுகிறான், நீங்கள் அதையே பார்த்து வருத்தப்படுகிறீர்கள். அவர் பாடாமல் இருந்த அந்த நீண்ட ஆண்டுகளில்தான் அமைதிக்காகக் கையால் செய்த வேலை அதிகம். இருவரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2004 செப்டம்பரில் அவர் பயணம் செய்த விமானத்தையே வழியில் இறக்கி, பாதுகாப்புக் காரணம் சொல்லி அமெரிக்காவுக்குள் விட மறுத்தார்கள். அடுத்த இரண்டு மாதங்களுக்குள் ரோமில் நோபல் அமைதிப் பரிசாளர்கள் கூடிய மாநாட்டில் முன்னாள் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் கையால் அமைதி விருது வாங்கினார். இரண்டும் ஒரே மனிதருக்கு நடந்தவை.

நாவல் எழுதியதற்காக எழுத்தாளர் சல்மான் ருஷ்டியைக் கொல்ல வேண்டும் என்று ஈரான் தலைவர் அறிவித்த விவகாரத்தை யாராவது எடுப்பீர்கள் என்று தெரியும். 1989இல் யூசுஃப் அதைப் பற்றிப் பேசியது என்னையும் வேதனைப்படுத்தியது. மதச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டார்கள், அதைத்தான் விளக்கினேன், யாரையும் கொல்லச் சொல்லவில்லை என்பது அவர் பிறகு தந்த விளக்கம். அன்றைய பேச்சை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதை வைத்து ஒரு மனிதரின் நாற்பது, ஐம்பது ஆண்டு வாழ்க்கையை அழித்துவிடவும் மாட்டேன். இசைக்கருவி கூடுமா கூடாதா என்று ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுக்க நான் ஆலிம், மார்க்க அறிஞன், இல்லை. ஆலிம்களுக்குள்ளேயே இரண்டு கருத்தும் உண்டு, இரண்டையும் மதிக்கிறேன். ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு நடுக் கச்சேரியில் ஒரு முதியவரின் சுருதியைப் பிடுங்குவதைத்தான் ஏற்க மாட்டேன்.

எழுத வந்தாயிற்று, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கூடும் என்பவர் வீடோ கூடாது என்பவர் வீடோ, பாட வந்தவர்களுக்குச் சாப்பாடு எல்லாரும் எழுந்த பிறகுதான். நெய்ச்சோறு ஆறிப்போய், கறி தீர்ந்து, தாளிச்சா மட்டும் மிஞ்சிய நேரத்தில் எங்களுக்குச் சஹன், அதாவது பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு, வைப்பார்கள். பந்தல்காரருக்கும் வீடியோக்காரருக்கும் முழுத் தொகையை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். எங்களிடம் மட்டும் மறுநாள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வரும் மீலாது நிகழ்ச்சிகளுக்குப் பேசும்போதே, முதல் பந்தியில் பாடகருக்கு இடம், மேடை ஏறுமுன் பாதிப் பணம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு ஜமாஅத்துகள் சம்மதித்திருக்கிறார்கள், ஒன்று யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.